பலாக்குழையும் செம்மறியின் வயிறும்

பொழியூரில் செம்மறி ஆட்டைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில், கடலோரமாகக் கிடக்கும் இந்த ஊரிலும், இங்கிருந்து பாறசாலை வரை அடுத்தடுத்து வரும் ஊர்களிலும் மேய்ச்சலுக்கென்று நிலம் கிடையாது. தென்னை, வாழை, மரச்சீனி, உள்ளே போகப் போக ரப்பர். இவற்றுக்கு நடுவில் ஐந்து சென்ட், பத்து சென்ட் புரையிடத்தில் வீடு. வீட்டுப் பின்புறத்தில் இரண்டு மூன்று வெள்ளாடுகள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 13 லட்சத்துக்கு மேல் வெள்ளாடுகள் உண்டு, செம்மறி பெயரளவுக்குத்தான். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் செம்மறி மட்டும் 45 லட்சம்.

இந்த வெள்ளாடுகள் பெரும்பாலும் மேய்வதில்லை. அவற்றுக்குக் குழை ஒடித்துப் போடுகிறார்கள். தோட்டியால் இழுத்தோ வெட்டுக்கத்தியால் தறித்தோ இறக்கிய பலாக்கொம்பைக் கயிற்றில் கட்டி, ஆட்டின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டால் போதும். ஆடு முன்னங்காலைத் தூக்கி, இலையின் காம்போடு சேர்த்து இழுத்துத் தின்னும். கொஞ்ச நேரத்தில் குச்சி மட்டும் மிஞ்சும். பலா இல்லாத நாளில் அயனி, பூவரசு, முருங்கை, முருக்கு, சீமைக்கொன்றை. தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் நீரோடி, கொல்லங்கோட்டிலும் இதே பழக்கம்தான். 1956 நவம்பர் 1 அன்று அந்தப் பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. ஆடு வளர்ப்பில் அந்தக் கோடு இன்றுவரை விழவில்லை.

செம்மறி நாடு கிழக்கே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காற்று மாறும், மண் மாறும், மரம் மாறும். நாங்குநேரி, ராதாபுரம் தேரியும் கரிசலும் தாண்டிப் போனால் கீழக்கரிசல் ஆடும் வேம்பூர் ஆடும் மந்தை மந்தையாக அறுவடைத் தாளில் மேயும். மேற்கே இலை மிகுதி, செம்மறி இல்லை. கிழக்கே செம்மறி மிகுதி, கோடையில் இலை அரிது. மேற்கத்தியாரின் குழைப் பழக்கம் கிழக்கத்திச் செம்மறிக்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் செம்மறியின் வயிறு.

சித்திரை வைகாசியில் ஒரு செம்மறியைப் பார்த்தால் வயிறு உப்பித்தான் தெரியும். ஆனால் முதுகெலும்பைத் தடவினால் கையில் குத்தும். வயிறு நிறைந்தும் உடம்பு கரைவது மேய்ப்பவர்களுக்குப் பழகிய காட்சி. காய்ந்த புல்லிலும் சோளத்தட்டையிலும் புரதம் 3, 4 விழுக்காட்டுக்கு மேல் இராது. தின்றதைச் செரிப்பது ஆடு அல்ல, ஆட்டின் பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். நார்ச்சத்தை உடைக்கும் நொதி எந்த ஆட்டின் உடம்பிலும் சுரப்பதில்லை. பாக்டீரியா, பூஞ்சை, ஓரணு உயிரிகள் என்று கோடிக்கணக்கானவை அந்த இருட்டறையில் புல்லைப் புளிக்க வைத்து, அமிலங்களாக மாற்றி ஆட்டுக்குத் தருகின்றன. பிறகு அவையே வயிற்றின் நான்காம் அறைக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே ஆட்டுக்குப் புரதமாகச் செரிக்கப்படுகின்றன. முதலில் விருந்து சமைத்துவிட்டுப் பின்பு தாமே விருந்தாகும் சமையற்காரர்கள்.

இந்த நுண்ணுயிர்கள் பெருகத் தழைச்சத்து வேண்டும். பெருவயிற்றுச் சாற்றில் அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெருக்கம் நின்றுவிடும் என்று 1974-இல் சாட்டர், ஸ்லைட்டர் இருவரும் காட்டினார்கள். தீவனத்தின் கணக்கில் சொன்னால், மொத்த உலர் தீனியில் புரதம் 7 விழுக்காடாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நார் உடைவது மெதுவாகும். உடையாத நார் வயிற்றை அடைத்துக்கொண்டு கிடக்கும். வயிறு காலியாகாததால் ஆடு குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்பதால் இன்னும் மெலியும். கோடைச் செம்மறியின் உப்பிய வயிற்றுக்கு இதுதான் காரணம். அது கொழுப்பு அல்ல, தேக்கம்.

இங்கேதான் இலை வருகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 கிலோ எடையுள்ள செம்மறி உடல் எடையில் 3 விழுக்காடு அளவுக்கு, அதாவது நாளுக்கு 900 கிராம் உலர் தீனி தின்னும். அத்தனையும் 4 விழுக்காட்டுப் புரதமுள்ள தட்டை என்றால் கிடைக்கும் புரதம் 36 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கை, 300 கிராமை, எடுத்துவிட்டு 20 விழுக்காட்டுப் புரதமுள்ள சீமைக்கொன்றை இலையைப் போட்டால் 24 கிராமும் 60 கிராமும் சேர்ந்து 84 கிராம். தீனியில் புரதம் 9 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அதே 300 கிராமுக்குப் பலா இலை போட்டால்? பலா இலையின் புரதம் மரத்துக்கு மரம், முற்றலுக்கு முற்றல் மாறும். 13 விழுக்காடு என்று வைத்தால் 39 கிராம். மொத்தம் 63 கிராம், சரியாக 7 விழுக்காடு. பலா தனியாக நின்றால் ஆட்டை வாசற்படிக்குக் கொண்டுவந்து நிறுத்தும், உள்ளே கூட்டிப் போகாது. பொழியூர்ப் பக்கத்து வீடுகளில் பலாக்குழையோடு முருக்கோ சீமைக்கொன்றையோ ஒரு பிடி சேர்வதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

300 கிராம் உலர் இலை என்பது பச்சையில் ஒரு கிலோவும் கொஞ்சமும். ஒரு கையில் அடங்கும் கட்டுதான். இவ்வளவு சிறிய கட்டு இவ்வளவு செய்வதற்குக் காரணம், இலை ஆட்டுக்கு மட்டும் தீனி அல்ல. மீதித் தீனியைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் தீனி. இலையைச் சேர்த்ததும் ஆடு தட்டையைக் கூடுதலாகத் தின்னத் தொடங்குவதைப் பல நாடுகளின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரான் லெங், தாமஸ் பிரெஸ்டனுடன் சேர்ந்து 1987-இல் வெப்ப நாட்டுக் கால்நடைத் தீவனம் பற்றி எழுதிய நூலில் இந்த வாதத்தை முன்வைத்தார். 1997-இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்புக்காக மர இலைகளைப் பற்றியே தனி நூல் எழுதினார். குளிர்நாட்டுத் தீவன அட்டவணையை எடுத்து வந்து நம் ஆட்டுக்கு ஒட்டவைக்கக் கூடாது, கையிலிருக்கும் மட்டத் தீனியில் எது குறைகிறதோ அதை மட்டும் நிரப்பு என்பது அவர்கள் சொன்னதன் சாரம். நம்மூர் விரிவாக்க அலுவலர்களின் மேசையில் இந்த நூல் இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன்.

எந்த இலை எவ்வளவு செரிகிறது என்பதை அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. அடர்ந்த நெசவுள்ள சின்ன நைலான் பையில் சில கிராம் உலர்ந்த இலைத்தூளைக் கட்டி, விலாவில் துளையிட்டு மூடி பொருத்திய ஆட்டின் பெருவயிற்றுக்குள் தொங்கவிடுவார்கள். 24 மணி நேரம் கழித்து ஒரு பை, 48 மணி நேரம் கழித்து ஒரு பை என்று எடுத்துக் கழுவி, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பார்கள். குறைந்த எடைதான் செரித்த அளவு. ஸ்காட்லாந்தின் ரோவெட் நிலையத்தில் ஆர்ஸ்காவும் மெக்டொனால்டும் 1979-இல் இதற்கு ஒரு கணக்குச் சூத்திரம் வகுத்தார்கள். இந்தப் பைக்குள் வைத்துப் பார்த்தால் முருங்கையும் அகத்தியும் விரைவில் கரைந்துபோகும். வேல் இனத்து இலைகள் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும். இரண்டும் புரதம் மிகுந்தவைதாம். ஆய்வகத்தில் அளந்த புரதமும் வயிற்றில் கிடைக்கும் புரதமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

காரணம் துவர்ப்பு. இலைகளில் இருக்கும் டானின் என்ற துவர்ச்சத்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோலைப் பதனிட ஆவாரம் பட்டையைப் பயன்படுத்தியதும் இந்தக் குணத்தை நம்பித்தான். பெருவயிற்றின் ஏறத்தாழ நடுநிலையான சாற்றில் அந்த ஒட்டு விடாது. நான்காம் அறையின் கடும் அமிலத்தில் விட்டுவிடும். ஆகவே அளவான துவர்ப்பு நன்மை செய்யும்: நுண்ணுயிரிடம் வீணாகாமல் நல்ல புரதம் குடலுக்குப் போய்ச் சேரும். இலையின் உலர் எடையில் 2 முதல் 4 விழுக்காடு வரை ஒட்டு டானின் இருந்தால் ஆதாயம். 5, 6 விழுக்காட்டைத் தாண்டினால் ஆடு தின்னவும் தயங்கும், தின்றதும் செரிக்காது. பலா இலையிலும் துவர்ப்பு உண்டு. முற்றிய இலையில் நாரும் சேர்ந்துகொள்ளும். பழுத்து உதிர்ந்த இலையைப் பொறுக்கிப் போடுவது வயிற்றை நிரப்பும், புரதக் கணக்கில் அதற்குப் பெரிய இடம் இல்லை.

வெள்ளாட்டுக்கு ஒத்துக்கொள்வது செம்மறிக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. ஜெர்மானிய விலங்கியலர் ஹாஃப்மன் 1989-இல் அசைபோடும் விலங்குகளை மூன்று வகையாகப் பிரித்தபோது, செம்மறியைப் புல் மேய்வனவற்றோடும் வெள்ளாட்டை இலைக்கும் புல்லுக்கும் இடைப்பட்ட வகையிலும் வைத்தார். வெள்ளாட்டின் உதடு முள்ளுக்கு நடுவே ஒற்றை இலையைத் தேடிப் பறிக்கும். எச்சில் சுரப்பியும் உடம்பளவுக்குப் பெரியது. துவர்ப்பைச் சமாளிப்பதில் அது செம்மறியைவிடக் கெட்டி. செம்மறி தலையைக் குனிந்து தரையோடு அரிந்து தின்னும் பிறவி. கொம்பைத் தொங்கவிட்டால் அண்ணாந்து பார்க்கக்கூடத் தோன்றாது. அதற்கு இலையை உருவித் தொட்டியில் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், துவர்ப்பு மிகுந்த இலையின் பங்கை வெள்ளாட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைக்க வேண்டும். பொழியூர்ப் பழக்கத்தை அப்படியே தூக்கி வேம்பூருக்குக் கொண்டுபோக முடியாது என்பதற்குக் காரணம் இது.

இலைக்கு நஞ்சும் உண்டு. இதில் சூபாபுல் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1970களில் பூனா அருகே உருளி காஞ்சனில் இயங்கிய பைஃப் நிறுவனம் ஹவாய் ரகச் சூபாபுல்லை இந்தியாவில் பரப்பியது. விறகு, தீவனம், தழையுரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மரம் என்ற பேச்சு அப்போது ஊரெங்கும் இருந்தது. இலையில் புரதம் 20 விழுக்காட்டுக்கு மேல், செம்மறியும் விரும்பித் தின்னும். ஆனால் அதில் மிமோசின் என்றொரு பொருள் இருக்கிறது; மிகுதியாகத் தின்றால் மயிர்க்கால்களின் வளர்ச்சி நின்று, செம்மறியின் கம்பளம் கையோடு வரும். ஆஸ்திரேலியாவில் கத்தரிக்காமலே கம்பளம் உதிர்க்க இதைப் பயன்படுத்தலாமா என்றுகூட ஆராய்ந்தார்கள். மிமோசின் வயிற்றில் உடைந்து உண்டாகும் டி.எச்.பி. என்ற பொருள் கழுத்துச் சுரப்பியை வீங்க வைக்கும். புதிர் என்னவென்றால், ஆஸ்திரேலியாவில் நோயுறும் ஆடுமாடு ஹவாயில் அதே இலையை வயிறாரத் தின்று நலமாக இருந்தது. சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் ரேமண்ட் ஜோன்ஸ் வேறுபாடு இலையில் இல்லை, வயிற்றுக்குள் இருக்கும் பாக்டீரியாவில் இருக்கிறது என்று கண்டார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் பெருவயிற்றுச் சாறு ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அங்கிருந்த கால்நடைகளுக்கு நஞ்சை உடைக்கும் திறன் வந்தது. அந்தப் பாக்டீரியாவுக்கு 1992-இல் சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சி என்று அவர் பெயரையே வைத்தார்கள். நம் ஊரில் சூபாபுல் போடுபவர்கள் பங்கை மூன்றில் ஒன்றுக்குள் நிறுத்தி, பிற இலைகளோடு கலந்து போட்டால் சிக்கல் வராது.

எல்லை ஊர்களில் சூபாபுல்லைவிடப் பெரிய ஆபத்து மரச்சீனி இலை. மன்னர் விசாகம் திருநாள் 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய இந்தக் கிழங்கின் இலை, உலர்ந்த நிலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் தரும். பச்சையில், குறிப்பாகக் கொழுந்தில், லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. மென்றதும் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். கட்டவிழ்த்த ஆடு மரச்சீனித் தோட்டத்தில் புகுந்து தின்றுவிட்டு, சிறிது நேரத்தில் மூச்சு வாங்கி, துடித்து விழுவது இந்தப் பகுதியில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. உடனே கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசி போட்டால்தான் பிழைக்கும். ரப்பர் இலையிலும் கொட்டையிலும் இதே நஞ்சுதான். மரச்சீனி இலையைப் பொடிப்பொடியாக நறுக்கி, வெயிலில் பரப்பி, சருகாக முறுகும் வரை காயவைத்தால் நஞ்சு பெரிதும் போய்விடும். மழைக்காலத்தில் பாதி வாடியதை நம்பிப் போடக் கூடாது. சீமைக்கொன்றைக்கு விதி வேறு. அதன் மணம் ஆட்டுக்குப் பிடிப்பதில்லை; ஓரிரவு வாடவிட்டால் வாடை குறைந்து தின்னும். ஒரு இலைக்கு வாட்டுவது ருசிக்காக, இன்னொன்றுக்குக் காயவைப்பது உயிருக்காக. சீமைக்கொன்றையைப் பூசணம் பிடிக்கும் அளவுக்குக் குவித்துவைப்பதும் தவறு. பூசணம் பிடித்தால் அதிலுள்ள கூமரின் இரத்தம் உறையவிடாத பொருளாக மாறும். மத்திய அமெரிக்காவில் இந்த மரத்தை எலி மருந்தாகப் பயன்படுத்தினார்கள்.

மேற்கின் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது புரதம் அல்ல, கொம்பைத் தொங்கவிடும் அந்தக் கயிறுதான். இரண்டு பருவமழையும் பெய்யும் நிலத்தில் ஆட்டைக் கொல்வது பசியைவிடக் குடற்புழு. நான்காம் அறையின் சுவரில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவின் குஞ்சுகள் ஆட்டுப் புழுக்கையிலிருந்து வெளியேறி, ஈரப்புல்லில் தரையிலிருந்து சில அங்குலம் ஏறிக் காத்திருக்கும். தொங்கும் கொம்பில் அவை ஏற முடியாது. தரையில் மிதிபட்ட இலையை வெள்ளாடு மூக்கால் தள்ளிவிடுவதையும் கவனித்திருப்பீர்கள்; அதைக் கொழுப்பு என்று திட்டுவது வழக்கம், ஆனால் அதுவும் புழுவிலிருந்து ஒரு காப்புதான். போதாததற்குத் துவர்ப்புள்ள இலைகள் குடற்புழுவின் முட்டை எண்ணிக்கையைக் குறைப்பதாகச் செம்மறிகளில் செய்த சோதனைகளும் சொல்கின்றன. புழு மருந்துக்கு மாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன், மருந்தின் தேவையைத் தள்ளிப்போட உதவும்.

கிழக்கத்தி மேய்ப்பர்களுக்கு இலை புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். மந்தையின் பின்னால் நடப்பவர் தோளில் துரட்டி இருக்கும். கோடையில் அவர் உடை மரத்தையும் வெள்வேலையும் கருவேலையும் இழுத்து உலுக்குவார். இலையைவிடக் காய்தான் அவருடைய குறி. மரத்தடியில் உதிரும் நெற்றை ஆடுகள் ஓடிவந்து பொறுக்கும். சீமைக்கருவேலின் இனிப்பு நெற்றும் அப்படித்தான். அதில் ஒரு விலை உண்டு: செரிக்காத விதை புழுக்கையோடு போய் விழும் இடமெல்லாம் முளைக்கும். இன்னும் ஒழுங்கான ஏற்பாடு கொங்கு நாட்டுக் கொரங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கிளுவை வேலி கட்டிய தனியார் மேய்ச்சல் காடுகள் அவை. அடியில் கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல் மரங்கள். மழைக்காலத்தில் புல்லும் கோடையில் நெற்றுமாக அந்த நிலம் ஆண்டு முழுக்கச் செம்மறிக்குச் சோறு போடுகிறது. நிழலும் கூடவே. பொழியூரின் வீட்டுப்புரையிடமும் மூலனூரின் கொரங்காடும் ஒரே யோசனையின் ஈர வடிவமும் வறண்ட வடிவமும்.

இரண்டுக்கும் அரசுத் திட்டங்களில் இடம் குறைவு என்பது என் குறை. தீவன வளர்ச்சி என்றதும் கம்பு நேப்பியர் கரணை கொடுக்கிறார்கள். நல்ல புல்தான், ஆனால் பாசனம் வேண்டும், சூரிய ஒளி படும் திறந்த நிலம் வேண்டும். ஐந்து சென்ட் புரையிடத்தில் தென்னை நிழலில் அதை எங்கே நடுவது? மானாவாரிக் கரிசலில் எந்தத் தண்ணீரில் வளர்ப்பது? வேலியே தீவனமாக இருக்கக்கூடிய இடங்களில் சிமென்ட் தூணும் முள்கம்பியும் ஏறிக்கொண்டிருக்கின்றன. பலா 2018-இல் கேரளத்தின் மாநிலப் பழமாக அறிவிக்கப்பட்டது. பழத்துக்கும் சுளைக்கும் விழா எடுக்கிறார்கள், குழையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பால் கறக்கும் ஆட்டை வைத்துக் குடும்பத்தின் கைச்செலவை ஓட்டும் பெண்களுக்கு, பழத்தைவிடக் குழைதான் ஆண்டு முழுக்க உதவுகிறது.

இலையால் ஆகாதவையும் உண்டு. பெரும்பாலான மர இலைகளில் சுண்ணாம்பு மிகுதி, பாஸ்பரஸ் குறைவு. ஈன்ற ஆட்டுக்கும் சினை முற்றிய ஆட்டுக்கும் கொஞ்சம் தவிடோ புண்ணாக்கோ தாதுப்பொடியோ சேர்த்தே ஆக வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலையை ஏற்றினால் துவர்ப்பும் நஞ்சும் தலைகாட்டும். ஒரே மரத்தை மாதம்தோறும் மொட்டையடித்தால் மரம் தேயும்; சீமைக்கொன்றையும் முருக்கும் வெட்ட வெட்டத் துளிர்க்கும், பலா அப்படித் தாங்காது.

கிழக்கே செம்மறி வைத்திருப்பவர்கள் செய்யத்தக்கது இது: அறுவடைத் தாளில் மந்தை மேய்ந்து திரும்பும் மாலையில், ஆட்டுக்கு ஒரு கிலோ அளவு பச்சை இலையை உருவித் தொட்டியில் போடுங்கள். ஒரே மரத்து இலையாக இல்லாமல் இரண்டு மூன்றாகக் கலந்து, முதல் வாரம் கால் பங்கில் தொடங்குங்கள். அகத்தி கிடைத்தால் அகத்தி, இல்லையென்றால் வாகை, வேம்பு, வாதநாராயணன். மேற்கே, எல்லை ஊர்களில், இடவப்பாதி மழைக்கு முன் வேலியோரம் கைப்பருமன் சீமைக்கொன்றைக் கம்புகளை முழ இடைவெளியில் ஊன்றிவிடுங்கள். அடுத்த ஆண்டு முதல் இரண்டு ஆட்டுக்கான புரதம் அந்த வேலியிலேயே விளையும், பலா பழத்துக்கு மிஞ்சும்.